பாக்கி வைத்த சொந்தங்கள்

முதல் தடவை போகிற கடையில் யாரும் சேலை வாங்க மாட்டார்கள். எங்கள் லைனில் இது எழுதாத சட்டம். 1980-களின் நடுவில் இளம்பிள்ளைச் சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிய என்னைப் போன்றவர்களுக்கு முதல் பயணத்தில் கிடைப்பது ஒரு டம்ளர் தண்ணீர். அடுத்த பயணத்தில் "உட்காருங்க." அதற்கடுத்து காபி. ஆர்டர் என்பது காபிக்குப் பிறகு, சாமி கண் திறந்தால். ஓர் ஆளை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிக்க அந்தக் காலத்து ஜவுளிக்கடை முதலாளிக்கு அரை வருஷம் பிடித்தது. இன்று அதே தீர்மானத்துக்கு அரை நிமிஷம் போதும் என்கிறார் எங்கள் சின்ன முதலாளி. அதிலும் முதல் மூன்று விநாடிக்குள், பார்க்கிறவர் கட்டைவிரலால் நம்மை மேலே தள்ளிவிடாமல் இருக்க வேண்டும். தள்ளிவிட்டால் தண்ணீர்கூடக் கிடையாது.

இளம்பிள்ளை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். பேசுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசுவார்கள். சண்டை என்று நினைத்துவிடக் கூடாது, தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த குரல் அது. நீங்கள் எந்த ஊர்க் கடையில் நடுத்தர விலைக்கு ஒரு 'பட்டு மாதிரி' சேலை எடுத்திருந்தாலும் அது எங்கள் ஊரில் நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அட்டைப்பெட்டி மட்டும் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லும்.

அந்தச் சேலைகளை விற்கப் போவதற்கு 'லைன் போவது' என்று பெயர். என் லைன் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை. ராத்திரி சேலத்தில் பஸ் ஏறினால் நாமக்கல், திருச்சி வழியாக விடியலில் தஞ்சாவூர். அங்கிருந்து சோழன் போக்குவரத்துக் கழக பஸ். (1997-ல் சோழன், சேரன், பாண்டியன் என்ற பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அது சோழன் பஸ்தான்.) சேலைப் பையைக் கூரையில் போட மனசு வராது. மடியில் வைத்துக்கொண்டால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். அவரோடு உறவை வளர்ப்பதிலிருந்தே அன்றைய தொழில் தொடங்கும்.

கடைக்குள் நுழைகிற நேரத்துக்குத் தனி சாஸ்திரம். கடை திறந்து, சாம்பிராணி போட்டு, முதல் போணி ஆவதற்குள் போய் நின்றால் முடிந்தது கதை. காசு கேட்க வந்தவன் முகத்தில் விழித்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். அதனால் எதிர் டீக்கடையில் ஒதுங்கி நிற்பேன். யாராவது ஓர் அம்மாள் ஒரு ப்ளவுஸ் பிட்டையாவது வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வந்த பிறகு ஐந்து நிமிஷம் கழித்து, அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியவன் மாதிரி உள்ளே போவேன். வெள்ளிக்கிழமை வசூல் கேட்கக் கூடாது, லட்சுமி வெளியே போக மாட்டாள். செவ்வாய்க்கிழமை புது ஆர்டர் பேச மாட்டார்கள். ராகு காலம், எமகண்டம், முதலாளியின் மதியத் தூக்கம். இவ்வளவும் கழித்து மிஞ்சிய நேரத்தில் என் வேலை, உட்கார்ந்திருப்பது. அதற்குத்தான் பெரிய முதலாளி பேட்டா கொடுத்தார். ஆள் நன்றாகப் பேசுவானா என்று கேட்டு வேலைக்கு எடுத்தவரில்லை அவர். "பொறுமையா உக்காருவியா?" என்று கேட்டு எடுத்தார்.

மன்னார்குடியில் ஒரு கடை. வெள்ளை விரித்த மெத்தைமேல் சேலையைப் பரப்பிக் காட்டுகிற பழைய பாணிக் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் சேலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் பார்ப்பார். முந்தியை விரல்களுக்கு நடுவே தேய்ப்பார். ஒரு பிடி துணியை உள்ளங்கைக்குள் கசக்கி, இறுக மூடி, என்னிடம் மழை தண்ணி விசாரித்துவிட்டு மெல்லத் திறப்பார். கசங்கல் எவ்வளவு நிற்கிறது என்று கணக்கு. பிறகு சேலையைப் புரட்டிப் போட்டு, புட்டாவின் பின்பக்கம் நூல் எப்படித் தொங்குகிறது என்று பார்ப்பார். கடைசியாக, கரை ஓரத்தில் ஒரே ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்துவார். அசல் பட்டாக இருந்தால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். செயற்கைப் பட்டு காகிதம் மாதிரி எரியும். நான் கொண்டுபோனது செயற்கைப் பட்டு என்பது அவருக்கும் தெரியும், நானும் வேறு மாதிரிச் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கொளுத்துவார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஐயா, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"ஒங்கமேல இல்லாம என்ன சேலத்தாரே. நூல்மேலதான் இல்ல."

கொளுத்தி முடித்ததும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மேட்டூர் எத்தன அடி?"

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணை இருப்பது எங்கள் சேலம் மாவட்டத்தில். தண்ணீர் போவது அவர்கள் வயலுக்கு. முழு நீர்மட்டம் 120 அடி, வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அன்று திறந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டென்றால் தீபாவளிக்குக் கையில் காசு உண்டு. சம்பா நன்றாக வந்தால் தை, மாசியில் கல்யாணம், கல்யாணம் என்றால் ஜவுளி. திறக்காவிட்டால் இந்தச் சங்கிலி மொத்தமும் அறுந்துபோய், கடைசிக் கண்ணியாக நான் லாட்ஜ் வாடகை கட்ட முடியாமல் நிற்பேன். அதனால் பேப்பர் கையில் கிடைத்தால் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டேன், அணை நீர்மட்டத்தைப் பார்ப்பேன். பெரிய முதலாளி கடன் கொடுப்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார். தண்ணீர் இருந்தால் 60 நாள் தவணை. இறங்க ஆரம்பித்தால், "ரொக்கம் கேளு, ஆனா கேட்ட மாதிரி தெரியக்கூடாது." கேட்ட மாதிரி தெரியாமல் ரொக்கம் கேட்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலாவது சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை. சொல்லித் தந்தால் நான் போய் வகுப்பெடுக்கத் தயார்.

2002-லும் 2003-லும் காவிரி பொய்த்தபோது அந்தக் கடைத்தெருக்களில் நான் பார்த்த முகங்களை விவரிக்க வேண்டாம். அந்த வருஷங்களில் வசூலுக்குப் போய் வசூல் கேட்காமல் திரும்பியிருக்கிறேன். பெரிய முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் ஓடிப்போகாமல் கடையைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஒரு ரகசியம். உறவு உறவு என்று அந்தக் காலத்தைப் பற்றி உருகுகிறவர்கள் சொல்லாமல் விடுவது. எங்கள் உறவின் அடிப்படை பாசம் அல்ல, பாக்கி. எந்தக் கடைக்காரரும் கணக்கை முழுசாகத் தீர்க்க மாட்டார். 23,400 ரூபாய் பாக்கி இருந்தால் 20,000 கொடுப்பார். மீதி 3,400 அப்படியே நிற்கும். நின்றால்தான் நான் மறுபடி வருவேன், வந்தால்தான் புதுச் சரக்கு காட்டுவேன். முழுசாகக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இனிமேல் வராதே. பட்டுக்கோட்டையில் ஒரு கடைக்காரர் ஒருநாள் பைசா சுத்தமாக எண்ணி வைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நினைத்த மாதிரியே அடுத்த மாதம் அவர் கடையில் வேறொரு சேலத்துக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணப் பத்திரிகைகளும் அப்படித்தான் வரும். கடைக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதையும் விடக் கூடாது. பெரிய முதலாளி பெயரில் மொய் எழுத வேண்டும். மொய் நோட்டில் எங்கள் பெயர் ஏறினால் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வர வேண்டும். அந்தக் கணக்கும் ஒருநாளும் தீராது. பந்தியில் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால், நமக்கு ஆறு மாதமாகப் பணம் தராத கும்பகோணத்துக்காரராக இருப்பார். "பாயசம் போட்டுக்குங்க" என்று அவர் கவனிக்கிற கவனிப்பில், அடுத்த மாதமும் பணம் வராது என்பது தெரிந்துவிடும்.

அன்றைய ஆன்லைன் என்பது அஞ்சலட்டை. "பேல் வந்து சேர்ந்தது. மாம்பழக் கலரில் இரண்டு சேலை கறை. அடுத்த முறை ஆள் வரும்போது கொடுத்து அனுப்புகிறோம். வீட்டில் அனைவரும் சுகம்தானே." இவ்வளவுதான். கறையை யாரும் போட்டோ எடுத்து அனுப்பவில்லை. நாங்கள் நம்பினோம். அவர் எங்களுக்குப் பணம் தர வேண்டியிருந்தது, நம்பித்தான் ஆக வேண்டும்.

எஸ்.டி.டி. பூத் வந்தது, செல்போன் வந்தது. அப்போதும் லைன் போய்க்கொண்டுதான் இருந்தேன். போனில் யாரும் பணம் தருவதாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் தர மாட்டார்கள். 2016-ல் செப்டம்பரில் ஜியோ, நவம்பரில் பணமதிப்பு நீக்கம். அடுத்த வருஷம் ஜூலையில் ஜி.எஸ்.டி. முதலாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை, மற்ற இரண்டையும் பற்றி ஊரே பேசியது. இன்று திரும்பிப் பார்த்தால் எங்கள் தொழிலைத் தலைகீழாகப் புரட்டியது யாரும் கண்டுகொள்ளாத அந்த முதலாவதுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு. தறி நின்றது, பஸ் நின்றது, கடைகள் பூட்டிக் கிடந்தன, நெய்து முடித்த சரக்கு மட்டும் கிடங்கில் அடுக்கியிருந்தது. அந்த ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ். அதற்குள் எங்கள் சின்ன முதலாளியின் மனைவி, இன்ஜினீயரிங் படித்த பெண், கிடங்குச் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டிருந்தது.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃப்ரேம்ல வர்றீங்க."

இளம்பிள்ளையில் இன்று தறிச் சத்தத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது "வணக்கம் மக்களே" என்கிற சத்தம். வட்ட விளக்கு, காலரில் மைக், மடிப்புக் கலையாமல் சேலையைத் தோளில் போட்டு முந்தியை ஒரே வீச்சில் விரிக்கிற லாவகம். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க. சிங்கிள் பீஸும் கொரியர் உண்டு. ரீசெல்லர்ஸ் வெல்கம்." நேரலை நடக்கும்போது நான் ஓர் ஓரமாக நின்று பார்ப்பேன். ஒரு சேலையை விரித்து முடிப்பதற்குள் எங்கோ ராமநாதபுரத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஒரே கலருக்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். நான் பட்டுக்கோட்டை வரை தூக்கிப்போய், விரித்து, மடித்து, விரித்து, மறுபடி தூக்கிக்கொண்டு திரும்பிய கத்தரிப்பூக் கலர் இங்கே கண்மூடித் திறப்பதற்குள் 'புக்டு'. தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு வேறு எந்தக் குறையும் கிடையாது. முப்பது வருஷம் முன்னாடி வந்திருந்தால் என் முட்டி தேய்ந்திருக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் கெட்டிக்காரி, அதையும் சொல்லிவிட வேண்டும். "அக்கா, இந்தக் கலர் வீடியோல தக்காளிச் சிவப்பா தெரியும். நேர்ல ஒரு டோன் டார்க். அப்புறம் எங்கூட சண்டைக்கு வரக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறது. குறையைத் தானே முதலில் சொல்லிவிட்டால் மீதியை நம்புவார்கள் என்பது எனக்குத் தெரிய பத்து வருஷம் ஆயிற்று. அதற்கு எப்படியோ முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது.

என்னையும் விடவில்லை. மன்னார்குடிப் பெரியவரின் தீக்குச்சிச் சோதனையைப் பற்றி ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் எனக்கு வேட்டி சட்டை, முகத்தில் லேசாகப் பவுடர், கையில் தீப்பெட்டி. பட்டு நூல், பாலியஸ்டர் நூல், செயற்கைப் பட்டு நூல் மூன்றையும் கொளுத்திக் காட்டினேன். அரை நிமிஷ வீடியோ. பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. பெரியவர் அதே காரியத்தை வாழ்நாள் முழுக்கச் செய்தார், பார்த்தவன் நான் ஒருவன். கீழே வந்த கருத்துகளில் ஒன்று: "தாத்தா, அந்தச் சேலையை ஏன் எரிக்கிறீங்க, எனக்கு அனுப்புங்க." இன்னொன்று: "நல்லாப் பேசுறாரு, சேலை விலை என்ன?" நான் பேசியது பட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. அவர்கள் கேட்டது நான் போட்டிருந்த சட்டைக்குப் பின்னால் தொங்கிய சேலையின் விலை. அதுவும் விற்றுப்போயிற்று.

சேனலில் சேர்ந்தவர்களை 'நம்ம குடும்பம்' என்று சொல்ல வேண்டும், அது விதி. "நம்ம குடும்பத்துல புதுசா சேர்ந்த எல்லாருக்கும் நன்றி." இந்தக் குடும்பத்தின் விசேஷம், ஒருவருக்கும் ஒரு ரூபாய் கடன் கிடையாது. ஜிபே செய்து, ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலில் கை வைப்போம். சேலையில் குறை என்றால், பார்சலில் கத்தரிக்கோல் படுவதற்கு முன்பிருந்து சேலையை முழுசாக விரிக்கிற வரை, நிறுத்தாமல் வெட்டாமல் எடுத்த வீடியோ அனுப்ப வேண்டும். இல்லையென்றால் புகார் செல்லாது. அன்று பதினைந்து பைசா அஞ்சலட்டையில் முடிந்த கறையை இன்று நிரூபிக்க, குடும்பத்தில் ஒருவர் பிரிக்க, ஒருவர் படம் பிடிக்க வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவரை நம்ப முடியவில்லை, பணம் கொடுக்காதவரை நம்பினோம்.

கடன் போன பிறகு உறவு என்கிற சொல் மட்டும் மேடைக்கு மேடை ஏறிவிட்டது. சின்ன முதலாளி வாரம் ஒருநாள் விடிகாலை ஐந்தரைக்குக் குளித்துக் கிளம்புகிறார். கோவிலுக்கு என்று நினைத்தேன். சேலத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் தொழிலதிபர்கள் சந்திப்பு. ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், ஜவுளிக்கு இவர் என்றால் இன்னொரு ஜவுளிக்காரர் உள்ளே வர முடியாது. ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு நிமிஷத்துக்குள் தன் தொழிலைச் சொல்ல வேண்டும், மணி அடித்தால் உட்கார வேண்டும். பிறகு வாரத்தில் ஒருநாள் இரண்டிரண்டு பேராகத் தனியாகச் சந்தித்து காபி குடித்து, "உங்க வீட்ல எத்தனை பேர், சொந்த ஊர் எது" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன்.

"தம்பி, நாங்க காபி குடிக்க உங்கப்பா பேட்டா குடுத்தாரு. நீங்க பணம் கட்டிக் குடிக்கிறீங்க."

"பெரியப்பா, அதுக்குப் பேரு இன்வெஸ்ட்மென்ட்."

இருக்கலாம். ஆனால் அங்கே போய் வந்ததில் ஆர்டர் வராமல் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கு ஒரே மாதிரிச் சேலை, ஒரு நகைக்கடைக்குத் தீபாவளிப் பரிசுச் சேலை என்று நல்ல ஆர்டர்கள். அதில் ஒரு வேடிக்கை. பெரிய ஆர்டர் என்றால் இன்றும் ஆளை நேரில் வரச் சொல்கிறார்கள். வீடியோவை அனுப்புகிறேன் என்றால், "அனுப்புங்க, ஆனா ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். ஐநூறு சேலை வாங்குகிறவர் கசக்கிப் பார்க்காமல் பணம் தர மாட்டார். ஒரு சேலை வாங்குகிறவர்தான் அரை நிமிஷத்தில் நம்புவார். ஏமாந்தாலும் ஒரு சேலைதானே என்கிற தைரியம் அது.

ஐநூறு சேலை வாங்குகிறவரும் தொகை பெரிதானால் தவணை கேட்கிறார். சிறு, குறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் அந்த வருஷக் கணக்கில் அதைச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரி விதி வந்துவிட்டது. ஜவுளிக் கடைத்தெருக்கள் கொஞ்ச நாள் கதிகலங்கின. மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துத் தவணை சொன்ன பெரிய முதலாளி இருந்திருந்தால், குறுவை அறுக்க எத்தனை நாள் ஆகும் என்று அந்த விதியை எழுதியவரிடம் கேட்டிருப்பார்.

எல்லாம் சுகம் என்றும் சொல்வதற்கில்லை. மன்னார்குடிப் பெரியவர் இன்று இல்லை. பேரன் கடையைப் பார்க்கிறான். போன வருஷம் அவனே இளம்பிள்ளைக்குக் கிளம்பி வந்துவிட்டான். நாங்கள் அவன் வாசலுக்குப் போன காலம் போய், அவன் எங்கள் வாசலில். கையில் செல்போன், அதில் எங்கள் வீடியோ.

"தாத்தா, இந்தச் சேல எனக்கு பில்லு 820. ஒங்க வீடியோல அந்தக்கா 850ன்னு சொல்றாங்க, கொரியர் ஃப்ரீங்குறாங்க. எங்கூர்ப் பொம்பளைங்க இந்த வீடியோவ எங்கடை கவுண்டர்ல வச்சுக்கிட்டே வெல பேசுறாங்க. நா கரண்ட் பில்லு கட்டி, ஆளு சம்பளம் குடுத்து எப்பிடி விக்கிறது?"

நியாயமான கேள்வி. மொத்த விலையில் சில்லறை என்று நாங்கள் கூவும் ஒவ்வொரு கூவலும், முப்பது வருஷமாக எங்கள் சரக்கை விற்றுத்தந்த ஒரு கடையின் கல்லாவில் விழுகிற அடி. சின்ன முதலாளிக்கு இதற்குப் பதில் இருந்தது: கடைக்காரர்களுக்கென்று தனி டிசைன், அதை வீடியோவில் காட்டுவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேரன் கிளம்பும்போது தயங்கித் தயங்கி வேறொன்று கேட்டான். "அந்தக்கா எங்கடைக்கு வந்து ஒரு வீடியோ எடுத்துக் குடுப்பாங்களா?" எங்கள் வீடியோவால் கெட்ட வியாபாரத்துக்கு மருந்தும் எங்கள் வீடியோவேதான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. எடுத்துக்கொடுத்தோம். அதற்காக நான் மறுபடி மன்னார்குடி பஸ் ஏறினேன். கடையில் மெத்தை போய்க் கண்ணாடிக் கவுண்டர் வந்திருந்தது. படம் பிடிக்கும்போது முதல் போணி ஆகிவிட்டதா என்று நான் கேட்டேன். "காலைலயே ஜிபேல ஒண்ணு வந்துருச்சு தாத்தா" என்றான். ஆள் யாரும் வராமலே ஆன போணிக்குச் சாம்பிராணி காட்டியிருப்பானா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

வீடியோ இன்னொரு காரியமும் செய்கிறது, இதை எந்தத் தொழிலதிபர் கூட்டத்திலும் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அது ஆட்களை நேரில் கிளப்பிக்கொண்டு வருகிறது. கல்யாணப் பர்ச்சேஸ் என்றால் வேன் பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். முதலில் தேடுவது சேலையை அல்ல. "வீடியோல வர்ற அக்கா எங்க?" அவளோடு ஒரு செல்ஃபி. என்னைப் பார்த்ததும், "அய்யோ, தீக்குச்சித் தாத்தா!" என்று எனக்கும் ஒன்று. பிறகு உட்கார்ந்து, வீடியோவில் பார்த்துக் குறித்துவைத்த சேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கையால் தொட்டுப் பார்த்து வேறு சேலைகளை எடுக்கிறார்கள். அவர்கள் கசக்கிப் பார்ப்பதை நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். சரியாகத்தான் கசக்குகிறார்கள். என் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம்.

மலேசியாவிலிருந்து ஓர் அம்மா மட்டும் என் பாக்கிக் கணக்கில் அடங்காமல் நிற்கிறார். வீடியோ காலில் வந்து, சேலையை ட்யூப்லைட்டில் காட்டச் சொல்வார், பிறகு வெயிலில். நான் வாசலுக்குப் போய் விரித்துக் காட்டுவேன். பிறகு, "முட்டிவலி எப்படி இருக்கு ஐயா?" பணத்தை முதல் நாளே அனுப்பிவிடுகிறார், ஒரு காசு பாக்கி வைப்பதில்லை. ஆனாலும் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை, சேலை எதுவும் வேண்டாத நாளிலும் கூப்பிடுகிறார். பாக்கி இல்லாமல் எதற்குக் கூப்பிடுகிறார் என்று சின்ன முதலாளியிடம் கேட்டேன். "கஸ்டமர் ரிடென்ஷன்" என்றார். யார் யாரை ரிடெய்ன் செய்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு இளம்பிள்ளைக்கு நேரில் வந்து எடுக்கலாமே என்று தோன்றினால் தாராளமாக வாருங்கள். தொட்டுப் பாருங்கள், கசக்கிப் பாருங்கள், நூலை உருவிக் கொளுத்தினாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று வீடியோ எடுக்கிறோம். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள், உட்கார முடியாது.